தொலைவில் இருக்கும் மென்பொருள் அணியோடு வேலை செய்வது: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்தில் இந்த வேலை இரண்டு திசையிலும் நடக்கிறது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் ஊரில் இருந்துகொண்டே லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். அதே ஊரில் அரிசி ஆலையும் மருந்துக்கடையும் நடத்துபவர்கள் தங்களுக்குத் தேவையான மென்பொருளைக் கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் அணியிடம் கொடுத்துச் செய்விக்கிறார்கள். நான் மட்டக்களப்பு நகரில் ஒரு சிறு அணியை ஒருங்கிணைக்கிறேன். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வேலையைக் கொடுப்பதற்கு முன் நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

உங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயங்களை எழுத வேண்டும். தொலைவில் செய்யும் வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாளி எழுதி அனுப்புகிறார்: “நெல் கொள்வனவுக்கு மென்பொருள் வேண்டும். எடை போட்டதும் ஈரப்பதனுக்குக் கழிவு போட்டுப் பற்றுச்சீட்டு வர வேண்டும்.” அவருக்கு இது முழு விளக்கம். இருபது வருடமாகக் கணக்கப்பிள்ளை அதைத்தானே செய்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ நெல் வருகிறது, ஈரப்பதன் 17 வீதம். நெல் சந்தைப்படுத்தும் சபை ஏற்கும் அளவு 14 வீதம். ஒருவர் 17இல் 14ஐக் கழித்து, 3 வீதம் என்று 30 கிலோவைக் குறைப்பார். மிச்சம் 970 கிலோ. இன்னொருவர் நெல்லில் உள்ள உலர்ந்த பகுதியைப் பார்ப்பார். 17 வீத ஈரத்தில் அது 830 கிலோ. அதே 830 கிலோ, 14 வீத ஈரமுள்ள நெல்லில் 86 வீதமாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எடை 965.1 கிலோ. இரண்டு முறையும் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் 10,000 கிலோ ஏற்றி வந்த லொறிக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 49 கிலோ. அதைக் கண்டுபிடிப்பது மென்பொருள் அணி அல்ல, பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிய விவசாயி.

நெல் தராசைக் கண்ணால் காணாத ஒரு பிள்ளை சென்னையில் இருந்து இதில் எதைத் தெரிவு செய்யும்? தேடும்போது முதலில் கிடைத்ததை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே கணக்கப்பிள்ளையோடு ஒரு பின்னேரம் இருந்து, போன போகத்துப் பற்றுச்சீட்டுகளில் இருபதைப் பொறுக்கி எடுங்கள். எடையும் ஈரப்பதனும் இவ்வளவு, கையில் கொடுத்த காசு இவ்வளவு என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒழுங்கானவற்றை மட்டும் எடுக்க வேண்டாம். ஈரம் 14ஐ விடக் குறைவாக வந்த நெல், விதைப்பு நேரம் வாங்கிய முற்பணத்தைக் கழித்த கணக்கு, பிழையாக எழுதி வெட்டிய பற்றுச்சீட்டு, இரண்டு பேர் பெயரில் வந்த ஒரே லொறி எல்லாம் அதில் இருக்கட்டும். விவசாயிகளின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்துவிட்டு அந்த இருபதையும் அணிக்கு அனுப்புங்கள். நாற்பது பக்க விளக்க அறிக்கையை விட அது பெறுமதியானது. மென்பொருள் வந்த பிறகு அதே இருபதையும் போட்டுப் பார்க்கலாம். விடை ஒத்துவந்தால் வேலை சரி. வராவிட்டால் யார் சொன்னது சரி என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.

நல்ல அணியை எப்படித் தெரிந்துகொள்வது?

அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். ஆலை வேலை என்று சொன்ன பிறகும் கழிவு பற்றியோ முற்பணம் பற்றியோ ஒரு கேள்வி கூட இல்லாமல் அடுத்த நாளே விலை அனுப்பினால், அந்த விலையை நம்ப வேண்டாம். முன்பு செய்த வேலைகளின் படங்களை எல்லோரும் காட்டுவார்கள். விற்பனைக்குப் பேச வருபவர் நன்றாகத்தான் பேசுவார். உண்மையில் கோட் எழுதப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரோடு ஒரு முறை நேரே பேசுங்கள். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் முடியும் சின்ன வேலை ஒன்றைக் காசு கொடுத்துச் செய்வியுங்கள். இலவசமாகச் செய்து காட்டச் சொல்வது நியாயமில்லை.

மொத்த விலை பேசுவதா, மணித்தியாலக் கணக்கா?

என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் மொத்த விலை இருவருக்கும் நல்லது. அந்தத் தெளிவு இல்லாமல் மொத்த விலை பேசினால் ஒவ்வொரு மாற்றமும் வாக்குவாதமாகும். அப்படியான நேரத்தில் வேலையை இரண்டு வாரத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஓடிக்காட்டும் ஒன்றைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்ல வழி. “எண்பது வீதம் முடிந்துவிட்டது” என்ற அறிக்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. விலையை அடிமட்டத்துக்குப் பேசிக் குறைத்தால் உங்கள் வேலை அந்த அணியில் நேற்றுச் சேர்ந்தவரின் கைக்குத்தான் போகும். ஒத்துக்கொண்ட காசை ஒத்துக்கொண்ட திகதியில் கொடுங்கள். சிறிய அணிகளில் அந்தக் காசில்தான் மாதச் சம்பளம் போகிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மூன்று மாதக் காசை இழுத்தடித்த வாடிக்கையாளர்களால் நல்ல பிள்ளைகள் இந்தத் தொழிலையே விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

“ஓம், விளங்கிட்டு” என்கிறார்கள். ஆனால் செய்து தருவது வேறு. ஏன்?

பெரியவர் ஒருவர் சொன்னதைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வகுப்பில் இரண்டாம் முறை சந்தேகம் கேட்டால் ஆசிரியருக்குக் கோபம் வரும் என்று பழகியவர்கள். வாடிக்கையாளர் லண்டனில் இருந்து பேசினால் அந்தத் தயக்கம் இன்னும் கூடும். அதனால் “விளங்கியதா?” என்ற கேள்வியால் பயன் இல்லை.

“நீங்கள் இதை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று நாலு வரியில் எழுதி அனுப்புங்கள்” என்று கேளுங்கள். பிழையாக விளங்கியிருந்தால் அந்த நாலு வரியிலேயே தெரிந்துவிடும். “வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?” என்பதற்குப் பதிலாக “வெள்ளிக்கிழமைக்கு முடியாமல் போனால் எதனால் முடியாமல் போகும்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது.

அணியில் ஒருவர் முதல் தடவை கெட்ட செய்தி கொண்டுவரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். எல்லோர் முன்னும் ஏசினால் அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் வராது, கடைசி நாளில்தான் தெரியவரும்.

அணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை முடியாது என்பது செவ்வாய்க்கிழமையே தெரிந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளருக்கு வேறு ஏற்பாடு செய்ய அந்த மூன்று நாளும் தேவை.

லண்டன், டொராண்டோ, சிட்னி நேரத்தோடு எப்படி ஒத்துப்போவது?

மூன்றையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. இலங்கை நேரம் வருடம் முழுவதும் மாறாது. அங்கே மாறும். லண்டனில் காலை 9 மணி என்றால் எங்களுக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. பத்து மணிக்குத் தொடங்கும் மட்டக்களப்பு அணிக்குக் காலையில் தொந்தரவில்லாமல் வேலை செய்யவும் பின்னேரம் பேசவும் நேரம் கிடைக்கிறது. இதை விட வசதியான ஏற்பாடு கிடைப்பது அரிது. சிட்னி எங்களுக்கு முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 5 மணி ஆகும்போது இங்கே அவர்களின் கோடையில் 11.30, குளிர்காலத்தில் 12.30. எனவே பேச்சைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

டொராண்டோதான் கடினம். அங்கே காலை 9 மணி, இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. தினமும் இரவில் கூட்டம் வைத்தால் சில மாதத்தில் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நேரே பேசுங்கள். மற்ற நாட்களில் எழுத்தில் கைமாற்றுங்கள். அப்படி எழுதும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆலை வேலையிலேயே ஒரு மாதிரி:

“பற்றுச்சீட்டை இரத்துச் செய்யும் திரை முடிந்தது, சோதனைச் சேர்வரில் போட்டிருக்கிறேன். முற்பணம் கழிக்கும் இடத்தில் ஒரு கேள்வி: கொண்டுவந்த நெல்லின் பெறுமதி முற்பணத்தை விடக் குறைந்தால் மீதிக் கடனை அடுத்த போகத்துக்குக் கொண்டுபோவதா? கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டு நாளைக்குத் தொடர்கிறேன். வேண்டாம் என்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.”

என்ன முடிந்தது, எங்கே பார்க்கலாம், எது தெரியவில்லை, பதில் வராவிட்டால் என்ன செய்வேன் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. டொராண்டோக்காரர் தூங்கி எழும்பும் வரை வேலை நிற்பதில்லை. “சேர், ஒரு டவுட் இருக்கு” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும்.

நேரம் மாறும் திகதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு, பிரித்தானியாவில் அதே மாதத்துக் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் லண்டன், டொராண்டோ, மட்டக்களப்பு மூன்றும் சேரும் கூட்டத்தில் யாராவது ஒருவர் பிழையான நேரத்துக்கு வந்து நிற்பார். கூட்ட அழைப்பை இலங்கை நேரத்தில் வைப்பதா, வாடிக்கையாளரின் நேரத்தில் வைப்பதா என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவிலேயே பேசுகிறோம். போதாதா?

பேசுவதற்குப் போதும். முடிவுகளை வைத்திருக்க அது ஏற்ற இடமல்ல. மூன்று மாதத்துக்கு முன் ஒரு குரல்பதிவில் சொன்ன விலைமாற்றத்தை யார் தேடி எடுப்பது? வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவை அன்றைக்கே யாராவது ஒருவர் டிக்கெட்டில், அதாவது அந்த வேலைக்கென்று வைத்திருக்கும் பதிவில், எழுத வேண்டும். ஜிரா, ட்ரெல்லோ, கிட்ஹப் எதுவானாலும் சரி, பகிர்ந்த ஒரு கூகுள் ஷீட் கூடப் போதும். டிக்கெட்டில் இல்லாத வேலையை அணி செய்யாது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

கரண்ட், மழை, விடுமுறை. இவற்றை வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

வேலை தொடங்கும் முன்பே முழுவதையும் சொல்லிவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் தாக்குப்பிடித்த அணிகள், நிலைமையை முன்கூட்டியே சொல்லி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டவைதான். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் வெள்ளம் வந்து வீதி மூடும், இணையம் போகும். நவம்பர், டிசம்பரில் பெரிய வெளியீடுகளைத் திட்டமிடாமல் இருப்பதே நல்லது. எல்லோரும் ஒரே நிறுவனத்தின் இணைப்பில் இருக்கவும் வேண்டாம்.

விடுமுறைப் பட்டியலை ஜனவரியிலேயே அனுப்புங்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா விடுமுறை என்பது வெளிநாட்டவருக்குத் தெரியாது. தைப்பொங்கல், ஏப்ரல் புத்தாண்டு, தீபாவளி, இரண்டு பெருநாள் எல்லாம் அதில் வரவேண்டும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் அணியில் இருந்தால் நோன்பு மாதத்தில் கூட்ட நேரத்தை மாற்றுங்கள். லண்டன் குளிர்கால நேரத்தில் பகல் ஒரு மணிக்கு வைக்கும் கூட்டம் இங்கே மாலை 6.30க்கு வரும். நோன்பு திறந்த கையோடு ஒருவரைத் திரைக்கு முன் இழுப்பது சரியில்லை.

மென்பொருள் தமிழிலும் ஓட வேண்டும். அணிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்லிவைக்க வேண்டும்?

நிறையச் சொல்ல வேண்டும். கோகிலா என்ற பெயர் எங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது ஆறு குறியீடு. பெயருக்கு இத்தனை எழுத்துத்தான் என்று எல்லை வைத்த படிவம் தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடும், சில நேரம் கொம்பும் காலும் இல்லாமல். குறுஞ்செய்தியில் இது காசுப் பிரச்சினையாகவும் மாறும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான். “உங்கள் நெல்லுக்கான கொடுப்பனவு” என்று மரியாதையாக எழுதத் தொடங்கினால் இரண்டு, மூன்று செய்திக்கான கட்டணம் வரும்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயமாக்குவார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் அங்கே எதை நிரப்புவது? முழுப்பெயருக்கு ஒரே பெட்டி போதும் என்று சொல்லுங்கள். அடையாள அட்டை இலக்கம் இரண்டு வடிவில் இருக்கிறது: பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வருவது பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஏற்கப்பட வேண்டும். தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் மட்டக்களப்பின் 065 வெறும் 65 ஆகிவிடும்.

பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை, அதற்குத் தனி விலை பேசுங்கள். பழைய பதிவுகளில் நேரமும் இருந்தால் இன்னொரு கவனம் தேவை. இலங்கையின் நியம நேரம் 1996இல் மாறி, 2006 ஏப்ரலில்தான் இப்போதைய நேரத்துக்குத் திரும்பியது. இதைத் தொலைவில் இருக்கும் எவரும் தானாக யோசிக்கமாட்டார்கள்.

கோட் யாருக்குச் சொந்தம்?

எழுத்தில் இருப்பவருக்கு. பிரித்தானியச் சட்டத்தில், காசு கொடுத்து வெளியாளிடம் செய்வித்த கோட்டின் பதிப்புரிமை, எழுதி மாற்றிக்கொடுக்காவிட்டால் செய்தவரிடமே நிற்கும். லண்டனில் இருக்கும் உறவுக்காரர்கள் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள். “கடைசிக் கொடுப்பனவு கிடைத்ததும் முழு உரிமையும் வாடிக்கையாளருக்கு மாறும்” என்ற ஒரு வரி இரண்டு தரப்பையும் காப்பாற்றும்.

அதை விட முக்கியம் சாவிகள். டொமைன் (இணைய முகவரி), சேர்வர், கிட் களஞ்சியம் (கோட்டைச் சேமித்து வைக்கும் இடம்), ஆப் ஸ்டோர் கணக்கு எல்லாம் முதல் நாளில் இருந்தே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அணிக்கு அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடுக்க வேண்டாம். கிட் என்பது லினக்ஸை உலகின் பல மூலைகளில் இருந்து எழுதுகிறவர்களுக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது எல்லாம் அதில் இருக்கும். அணி தினமும் அதில் கோட்டைச் சேர்க்கிறதா என்று பார்க்க உங்களுக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்கத் தேவையில்லை.

உண்மையான வாடிக்கையாளர் விவரங்களை அணிக்குக் கொடுக்கலாமா?

சோதனைக்குக் கொடுக்க வேண்டாம். பெயர், இலக்கங்களை மாற்றிய தரவு போதும். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள அவர்களின் சட்டமும் சேர்ந்துவரும். நோயாளர் விவரம், கடன் விவரம் போன்றவற்றில் கூடுதல் கவனம் தேவை.

வேலை பிந்திவிட்டது. இன்னும் நாலு பேரைப் போடச் சொல்லலாமா?

வேண்டாம். ஐந்து பேர் உள்ள அணியில் ஒருவரோடொருவர் பேசவேண்டிய தொடர்புகள் 10. ஒன்பது பேரானால் 36. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏற்கெனவே பிந்தி நிற்கும் அதே ஆட்கள்தான். எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். அறுவடைக்கு முன் பற்றுச்சீட்டு வேலை செய்தால் போதும், அறிக்கைகள் பிறகு வரட்டும்.

எங்கள் அணிக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது. வரி உண்டா?

உண்டு. முன்பு இருந்த விலக்கு 2025 ஏப்ரல் 1உடன் முடிந்துவிட்டது. வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் சேவை வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. விலை சொல்லும்போதே இதையும், காசு அனுப்பும் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் கணக்கில் எடுங்கள். பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கூற்றுகளையும் சேர்த்துவைத்து ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள்.

பாதியில் அணியை மாற்ற வேண்டி வந்தால்?

பழைய அணியோடு சண்டை பிடித்துவிட்டு மாற்ற வேண்டாம். செய்து முடித்த வேலைக்கான காசைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் இரண்டு அணியும் சேர்ந்து இருக்க ஏற்பாடு செய்யுங்கள், அதற்கும் காசு கொடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் புதிய அணி, வெறும் கணினி ஒன்றில் மென்பொருளை முதலில் இருந்து நிறுவி ஓட்டிக்காட்ட வேண்டும். பழையவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம், கை வைக்கக்கூடாது. எங்கே தடுக்கிறதோ அதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓடியதும் அந்த இருபது பற்றுச்சீட்டையும் போட்டுப் பாருங்கள். விடை சரியாக வந்த பிறகு பழைய அணியின் அனுமதிகளை நிறுத்தி, கடவுச்சொற்களை எல்லாம் அன்றைக்கே மாற்றுங்கள்.